ஒலிபெருக்கியில் சொல்லிவிட்ட கிரகம்

நான் ஓய்வுபெற்று வந்த பிறகு என் கதிரையில் உட்கார்ந்த பிள்ளை போன மாதம் கடிதம் எழுதியிருந்தாள். படங்களில் புள்ளி தேடும் வேலையை இனிமேல் முழுக்க இயந்திரமே பார்த்துக்கொள்ளுமாம். இரண்டு பேர் இரண்டு அறையில் இருந்து கண்ணால் பார்த்துக் குறிக்கும் பழைய முறை முடிந்துவிட்டதாம். அந்த முறையில் பல வருடம் இருந்தவர் என்பதால் நினைவில் உள்ளதை நாலு பக்கம் எழுதித் தரும்படியும், எந்த மொழியில் எழுதினாலும் இயந்திரம் மொழிபெயர்த்துவிடும் என்றும் கேட்டிருந்தாள். நல்லதாகப் போயிற்று, தமிழில் எழுதுகிறேன். மோதினார் என்ற சொல்லை வைத்துக்கொண்டு அந்த இயந்திரம் என்ன பாடுபடுகிறது என்று பார்ப்போம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வானியல் நிறுவகத்தில் வேலை பார்த்தவள் என்று தெரிந்ததும் கல்முனையில் எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: இரவிரவாக விழித்திருந்தீர்களா, குளிரில் பயமில்லையா? என்னைப்போல இரவில் நிம்மதியாகத் தூங்கிய உத்தியோகத்தர் உலகத்தில் இல்லை. தொலைநோக்கி சிலி நாட்டு மலையில் இருந்தது. விழித்திருந்தவர்கள் அங்கே இருந்தவர்கள். நான் ஜேர்மனியில் காலை எட்டு மணிக்கு ஒரு கோப்பை பிளேன்ரீயோடு மேசைக்கு வந்தால், அவர்கள் எடுத்த படங்கள் எனக்கு முதலே வந்து காத்திருக்கும். நட்சத்திரத்தை நான் பார்த்ததெல்லாம் பட்டப்பகலில்தான்.

அந்த வேலைக்குப் போன கதை சின்னது. கணிதத்தில் பட்டம் வாங்கி, ஊரில் நாலு வருடம் படிப்பித்தேன். என் கணவர் ஜௌபர் (இனி இதில் 'இவர்' என்று வந்தால் அவர்தான்) ஜேர்மனியில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலையாக இருந்தார். கலியாணம் முடித்துப் பின்னால் போனேன். மொழி படித்தேன், கொஞ்சக் காலம் அலுவலகங்கள் கூட்டித் துடைத்தேன். அப்படித் துடைத்த கட்டடம் ஒன்றின் அறிவித்தல் பலகையில், கணிதம் தெரிந்த, பொறுமையுள்ள ஆள் தேவை என்று ஒரு கடுதாசி ஒட்டியிருந்தது. பொறுமை எனக்கு இல்லை. கணிதம் இருந்தது. மற்றதைச் சமாளிக்கலாம் என்று எழுதிப் போட்டேன்.

வேலையை விளங்கப்படுத்துகிறேன். சூரியனைவிட எடை குறைந்த, சிவந்த, மங்கலான நட்சத்திரங்கள் வானத்தில் எக்கச்சக்கம். அவற்றில் இளசுகளை மட்டும் பொறுக்கி எடுத்து, அவற்றுக்குத் தூரத்தில் பெரிய கிரகம் ஏதும் சுற்றுகிறதா என்று பார்ப்போம். ஏன் இளசு? பெரிய கிரகம் உருவான புதிதில், அடுப்பில் இருந்து இறக்கிய சட்டி மாதிரிச் சூடாக இருக்கும். அந்தச் சூடு விசேடமான கமராவில் ஒளியாகத் தெரியும். வயது போகப்போக ஆறி, இருட்டோடு இருட்டாகிவிடும். ஏன் மங்கல் நட்சத்திரம்? பிரகாசமான நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் சின்னப் புள்ளியைக் காண முடியாது. ஏன் தூரத்துக் கிரகம்? கிட்ட இருப்பது நட்சத்திரத்தின் வெளிச்சத்துக்குள்ளேயே மூழ்கிவிடும். நமது சூரியனில் இருந்து சனிக்கிரகம் இருக்கும் தூரத்துக்கும் அப்பால் இருந்தால்தான் தனியாகத் தெரியும்.

ஒரு நட்சத்திரத்தை ஒரே இருப்பில் நூற்றுக்கணக்கான படமாக எடுப்பார்கள். பூமி சுழல்வதால் படத்துக்குள்ளே வானம் மெல்லத் திரும்பும். ஆனால் தொலைநோக்கியின் கண்ணாடி உண்டாக்குகிற பொய் வெளிச்சங்கள் திரும்பாமல் இருந்த இடத்திலேயே இருக்கும். திரும்பாததைக் கழித்து, திரும்பியதை நிமிர்த்தி, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் பொய் கரைந்து மெய் மிஞ்ச வேண்டும். அது கொள்கை. நடைமுறையில் எவ்வளவு கழித்தாலும் படம் முழுக்க உப்புத் தூவியது போலத்தான் கிடக்கும். அந்த உப்புக்குள்ளே கிரகம் எது என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

என் மேலதிகாரி இங்கிரிட். நெடுத்த, மெலிந்த மனுஷி. திறந்திருக்கும் கதவைக்கூடத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். திங்கட்கிழமை காலையில் எங்கள் எல்லாருடைய பென்சிலையும் தானே சீவி வைப்பார். சீவாத பென்சிலால் போட்ட குறி அரைக் கட்டம் பிசகும் என்பது அவருடைய நம்பிக்கை. 'நல்லது', 'அருமை' என்ற சொற்கள் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. ஆகச் சந்தோசம் என்றால் 'ம்' என்பார். யாராவது ஏதோ கண்டுபிடித்துவிட்டேன் என்று ஓடிவந்தால், முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டி, அதற்குப் பிறகுதான் படத்தைப் பார்ப்பார். அதற்குள் வந்தவருக்குப் பாதி நம்பிக்கை போய்விடும். அது அவர் வேண்டுமென்றே செய்வது என்று விளங்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

அவர் வைத்த முறை இது. ஒரே படங்கள் எனக்கும், அடுத்த அறையில் இருந்த இத்தாலிக்காரன் மார்கோவுக்கும் வரும். தனித்தனியாகப் பார்த்து, சந்தேகமான புள்ளிகளை நட்சத்திரத்தில் இருந்து எத்தனை கட்டம் தள்ளி, வடக்கில் இருந்து எத்தனை பாகை என்று எழுத வேண்டும். முடியும்வரை ஒருவரோடு ஒருவர் படத்தைப் பற்றிக் கதைக்கக் கூடாது. ஒருவர் விரலை நீட்டினால் மற்றவருடைய கண்ணும் அங்கே போய் இல்லாததைக் கண்டுவிடும் என்பது காரணம். இதற்கு மேல் இன்னொரு பொறியும் இருந்தது. சில படங்களில் இங்கிரிட் தானே போலிக் கிரகங்களைக் கணினியால் நட்டு வைத்திருப்பார். எங்கே நட்டார் என்ற பட்டியல் ஒரு பழுப்பு உறையில், ஒட்டிய இடத்தில் அவருடைய கையெழுத்தோடு, அவருடைய மேசை லாச்சிக்குள் இருக்கும். நாங்கள் குறித்ததைக் கொடுத்த பிறகுதான் உறை உடையும். எவ்வளவு மங்கலான கிரகம் வரைக்கும் எங்கள் கண்ணுக்குப் பிடிபடும் என்று அளக்கத்தான் அது. எங்கள் ஊர்ப் பரீட்சைத் தாளுக்குக்கூட இவ்வளவு காவல் இல்லை என்று ஒருநாள் சொன்னேன். அப்படியானால் உங்கள் ஊர்ப் பரீட்சைகளை நம்ப முடியாது என்றார்.

முதல் உறையில் என் மானம் கப்பலேறியது. அவர் நட்ட போலிகளில் மூன்றைத் தவறவிட்டிருந்தேன். ஆக அழகாக இருக்கிறது, இதுதான் கிரகம் என்று நான் சுற்றி வட்டம் போட்டது தொலைநோக்கிக் கண்ணாடியின் பொய் வெளிச்சம். பிறகு பழகிவிட்டது. சில வருடத்தில் மார்கோ என்னோடு போட்டி போட மாட்டேன் என்று கையை விரித்துவிட்டான்.

இன்னொரு சட்டமும் இருந்தது. சந்தேகப் புள்ளிக்குப் பெயர் வைக்கக் கூடாது, வெளியில் சொல்லவும் கூடாது. இலக்கம் மட்டும்தான்.

நாற்பத்தொன்று அப்படித்தான் வந்தது. ஒரு புதன்கிழமை. இளம் சிவப்பு நட்சத்திரம் ஒன்றுக்குத் தென்கிழக்கில், தள்ளி, உருண்டையான ஒரு சின்னப் புள்ளி. இத்தனை வருடத்தில் ஆயிரக்கணக்கான உப்புக் கல்லைப் பார்த்த கண்ணுக்கு இது வேறு என்று உடனே தெரிந்தது. குறித்துக் கொடுத்தேன். மார்கோவும் அதே கட்டத்தைக் குறித்திருந்தான். இங்கிரிட் கண்ணாடியைத் துடைத்தார். படங்களைப் பாதியாகப் பிரித்து இரண்டு தரம் அடுக்கச் சொன்னார். இரண்டு பாதியிலும் புள்ளி இருந்தது. பிறகு லாச்சியைத் திறந்து உறையை உடைத்தார். பட்டியலில் அந்த இடம் இல்லை. அவர் நட்டது இல்லை, அது வானத்தில் உள்ளது. இங்கிரிட் 'ம்' என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் வானத்தில் உள்ளதெல்லாம் கிரகமாகிவிடாது. அந்த நட்சத்திரத்துக்கு வெகு பின்னால் கிடக்கும் வேறொரு நட்சத்திரமாகவும் இருக்கலாம். எங்கள் பார்வைக்குப் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். எது என்று அறிய ஒரே வழி, ஒரு வருடம் கழித்து இன்னொரு தரம் படம் எடுப்பது. எங்களுக்குக் கிட்ட இருக்கும் நட்சத்திரம் வருடத்துக்கு வருடம் வானத்தில் கொஞ்சம் நகரும். புள்ளி கிரகம் என்றால் கூடவே நகரும். பின்னால் உள்ள நட்சத்திரம் என்றால் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். இங்கிரிட் அன்றைக்கே கட்டத்தாள் எடுத்து நட்சத்திரத்தை நடுவில் வைத்து இரண்டு குறி போட்டார்: கூட வந்தால் அடுத்த வருடம் புள்ளி எந்த இடத்தில் இருக்கும், பின்தங்கினால் எந்த இடத்தில் இருக்கும் என்று. அதையும் ஓர் உறையில் போட்டு ஒட்டிக் கையெழுத்து வைத்தார். நாளைக்கு வசதிக்கு ஏற்றபடி எவரும் குறியை நகர்த்தக் கூடாதல்லவா.

இனி நான் செய்த பிழை. இவர் அந்த நேரம் தன்னுடைய நானாவின் (அண்ணனின்) மகளுடைய கலியாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். நான் வீட்டில் தனியே. அவ்வளவு பெரிய சந்தோசத்தை வைத்துக்கொண்டு தனியாக இடியப்பம் அவித்துச் சாப்பிட யாரால் முடியும்? அடுத்த நாள் போன் எடுத்தேன்.

"இஞ்சருங்க, ஒண்டு கண்டிரிக்கன். இன்னும் நிச்சயமில்ல. ஆருக்கும் சொல்லிராதீங்க."

"நான் ஆருக்கிட்டப் புள்ள சொல்லப்போறன்?" என்றார்.

அன்று வியாழக்கிழமை. அடுத்த நாள் வெள்ளி என்பதை நான் யோசிக்கவில்லை. ஜும்ஆத் தொழுகை முடிந்து சனம் எழும்பப்போகும் நேரத்தில், பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் ஒலிபெருக்கியில், ஊருக்கு ஒரு சந்தோசமான விசளம் என்று தொடங்கி, எங்கள் ஊர்ப் பெண் பிள்ளை வானத்தில் புதுக்கிரகம் கண்டுபிடித்துவிட்டார் என்று அறிவித்திருக்கிறார். இவர் அதை எனக்குப் போனில் சொன்னபோது குரலில் அப்படி ஒரு பெருமை. நிச்சயமில்லை என்று நான் சொன்னது எங்கே போனது என்று கேட்டேன். அதையும் சொன்னேன், ஒலிபெருக்கியில் அந்தப் பகுதி விடுபட்டுவிட்டது என்றார்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது. ஒரு வருடம் எனக்கு வந்த அழைப்பு எல்லாவற்றிலும், பிள்ளையைச் சுகம் விசாரிப்பதுபோல, "கிரகம் எப்படி இரிக்கு?" என்று கேட்டார்கள். இவருடைய மருமகன் ஒருவன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் 'பிளனட் கூல்பார்' என்று ஒரு குளிர்பானக் கடை திறந்தான். பெண்கள் பாடசாலை அதிபர் எனக்குப் பொன்னாடை போர்த்த நாள் குறித்துவிட்டார். அடுத்த விடுமுறைக்கு நான் வந்து நிற்கும் நாளில். அழைப்பிதழ் இவர்தான் எழுதிக்கொடுத்தாராம். வெளிநாட்டில் பதினைந்து வருடம் பாத்திரம் கழுவியும் மரக்கறி வெட்டியும் நின்ற மனுஷனை ஊரில் எல்லாரும் கூப்பிட்டு, கதிரை கொடுத்து இருத்தி, கிரகத்தைப் பற்றிக் கேட்டார்கள். அந்தச் சந்தோசத்தை அவரிடம் இருந்து பறிக்க எனக்கு மனம் வரவில்லை. கிரகமாகவே இருந்துவிடட்டும் என்று துஆ கேட்டேன், மறைக்கவில்லை.

வருடம் போனது. படம் எடுக்கக் குறித்த முதல் இரவு மலையில் முகில். இரண்டாவது இரவும் முகில். மூன்றாவது இரவு எடுத்த படங்கள் ஒரு செவ்வாய்க்கிழமை என் மேசைக்கு வந்தன. நான் இங்கிரிட்டிடம் போய், ஊரில் நடந்தது எதையும் சொல்லாமல், இந்த ஒன்றை மார்கோ மட்டும் அளக்கட்டும் என்று கேட்டேன். அவர் காரணம் கேட்கவில்லை. சீவிய பென்சில் ஒன்றைக் கையில் தந்து, "இரண்டு பேரும் அளக்க வேண்டும்" என்றார்.

அளந்தேன். ஒரு தரம் இல்லை, ஒன்பது தரம். புள்ளியின் நடுவை இந்தப் பக்கம் அரைக் கட்டம் எடுத்தால் என்ன, அந்த ஓரத்தைக் கொஞ்சம் சேர்த்தால் என்ன என்று கை தன்பாட்டில் கேட்டுக்கொண்டே இருந்தது. இவருடைய முகம் கண்ணுக்கு முன்னால் நின்றது. கடைசியில் வந்த இலக்கத்தை வந்தபடியே எழுதிக்கொண்டு போனேன். மார்கோவும் கொண்டுவந்தான். இங்கிரிட் போன வருட உறையை உடைத்து, கட்டத்தாளை விரித்து, எங்கள் இரண்டு அளவையும் அதில் குறித்தார். இரண்டும் பின்தங்கும் குறியின் மேலேயே போய் விழுந்தன. நாற்பத்தொன்று கிரகம் இல்லை. எங்கேயோ பின்னால் கிடக்கும், எங்களோடு ஒரு சம்பந்தமும் இல்லாத ஒரு நட்சத்திரம்.

அந்த அறையிலேயே அழுதேன். மார்கோ தண்ணீர் எடுக்கப் போவதுபோல வெளியே போய்விட்டான். இங்கிரிட் என்னைத் தேற்றவில்லை. அவருக்கு அது தெரியாது. கட்டத்தாளை மடித்து வைத்துவிட்டு, யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்டார். கணவரிடம் என்றேன். அவர் யாரிடம் சொன்னார்? ஊருக்கு. ஊர் என்றால் எத்தனை பேர்? எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னார்கள் என்றேன்.

இங்கிரிட் கண்ணாடியைக் கழற்றி, வழக்கத்தைவிட நெடுநேரம் துடைத்தார்.

"அப்படியானால் ஒலிபெருக்கியில்தான் திருத்த வேண்டும்," என்றார். "சொன்னதைவிட மெதுவான குரலில் திருத்தினால் அது திருத்தம் இல்லை."

சட்டத்தை மீறியதற்கு ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இவரிடம் அன்று பின்னேரமே சொன்னேன், ஒலிபெருக்கியில் திருத்த வேண்டும் என்று இங்கிரிட் சொன்னதையும் சேர்த்து. அவர் சோறு சாப்பிடவில்லை. விடுமுறைக்கு விமானம் ஏறும்போதும் நாங்கள் சரியாகக் கதைக்கவில்லை. கொழும்பில் வாடகை வான் பிடித்து, மகியங்கனை தாண்டும் மட்டும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தவர், அங்கே தேத்தண்ணிக் கடையில் இறங்கியபோது வாயைத் திறந்தார். அடுத்த கிழமை பொன்னாடை. அது முடியட்டும், பிறகு ஊர் தன்பாட்டில் மறந்துவிடும், நீ ஒன்றும் பொய் சொல்ல வேண்டாம், பேசாமல் இரு, போதும் என்றார்.

"ஊருக்க எனக்கிரிக்கிறது ஒரு முகம்தான் புள்ள," என்றார்.

"எனக்கிரிக்கிறது ரெண்டு கண். அதாலதான் நான் சோறு திங்கிறன்," என்றேன்.

கூடிப்போயிற்று என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார், வண்டியில் ஏறினார்.

வந்து மூன்றாம் நாள் காலை. நான் குசினியில் கீரிமீன் வெட்டிக்கொண்டிருந்தேன். இவர் விடியச் சுபஹுத் தொழுகைக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. பத்து மணி இருக்கும், ஒலிபெருக்கி கரகரத்தது. கிழமை நாளில், அந்த நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம், மரணம். கையில் மீனோடு, யாரோ பாவம் என்று காது கொடுத்தேன்.

"கல்முனைக்குடியைச் சேர்ந்த மர்ஹூம் ஆதம்பாவா அவர்களின் அன்பு மகளும், ஜனாப் ஜௌபர் அவர்களின் அன்பு மனைவியுமான நபீஸா அவர்கள்..."

என் ஜனாஸா அறிவித்தலை நானே கேட்டுக்கொண்டு நின்றேன். அதன் பிறகும் மோதினார் வாசித்தார்: போன வருடம் கண்டதாக அறிவிக்கப்பட்ட கிரகம் கிரகமல்ல, வேறொரு நட்சத்திரம் என்பதை வருத்தத்துடன் அறியத்தருகிறோம் என்று, முழுமையாக, தெளிவாக. எழுதிக்கொடுத்தது இவர்தான். தேத்தண்ணிக் கடையில் நான் சொன்னதை வந்த நாளில் இருந்து யோசித்திருக்கிறார் போல. ஒரு பெண்பிள்ளையைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் எப்படிக் குறிப்பிடுவது என்று தெரியாமல், தனக்குத் தெரிந்த ஒரே பாணியில், மரண அறிவித்தல் பாணியில், எழுதியிருக்கிறார். ஆனால் 'அன்பு மனைவியுமான' என்பதற்கு மேல் ஊர் எதையும் கேட்கவில்லை. ஊர் எழும்பி ஓடத் தொடங்கிவிட்டது.

முதலில் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு கதிரையோடு வந்தார். பின்னால் பெண்கள், தலையில் முக்காட்டை இழுத்து, சிலர் அழுதுகொண்டு. வாசலில் நான் மீன் நாற்றத்தோடு நின்றதைக் கண்டு ஒருத்தி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். பள்ளிவாசலில் இருந்து நாலு பேர் உடலைச் சுமக்கும் சந்தூக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு சந்தி வரைக்கும் வந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் இவர், செருப்பில்லாமல், கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். ஆள் சரியாக இருக்கிறது, அறிவித்தல்தான் பிழை என்று யாரோ சொன்னதும் முற்றம் முழுக்கச் சிரித்தது. அழுதுகொண்டு வந்தவர்கள்தான் கூடச் சிரித்தார்கள்.

வந்த சனம் சும்மா திரும்பிப் போகவில்லை. அப்படியானால் உண்மையில் என்ன அறிவித்தது என்று கேட்டார்கள். இவர் திண்டாடினார், பிறகு முற்றத்தில் நின்று விளங்கப்படுத்தத் தொடங்கினார். அக்கரைப்பற்று பஸ் புறப்பட்டால் அதற்குள் இருக்கிறவர் பஸ்ஸோடு போவார், பஸ்ஸுக்குப் பின்னால் தெரிகிற கம்பம் போகாது, நாங்கள் கம்பத்தைப் பார்த்துப் பிரயாணி என்று நினைத்துவிட்டோம் என்றார். இவ்வளவு நல்ல விளக்கத்தை எங்கள் நிறுவகத்தில் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் பொன்னாடையைப் பற்றி யாரோ கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நடுப்பகல் லுஹர் தொழுகைக்குக் கிட்ட என் ராத்தா அக்கரைப்பற்றில் இருந்து வந்து சேர்ந்தார். அங்கே ஒலிபெருக்கி கேட்காது. யாரோ போனில், உங்கட தங்கச்சி மௌத்தாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். ஆட்டோவில் இருந்து இறங்கியவர் கையில், உடலைச் சுற்றும் கபனுக்கென்று வெட்டி வாங்கிய வெள்ளைத் துணி. என்னைக் கண்டதும் முதலில் முதுகில் இரண்டு அடி போட்டார், பிறகு கட்டிப்பிடித்து அழுதார். நானும் அழுதேன். கிரகத்துக்கு அழுதது போக மிச்சம் இருந்த கண்ணீரையெல்லாம் ராத்தாவின் தோளில் அழுது முடித்தேன்.

"மௌத்தாகல்லண்டு ஆரும் ஒலிபெருக்கில சொல்லல்லயே, தங்கச்சி," என்றார்.

இனி அதையும் அறிவிக்க வேண்டுமோ என்று இவரைப் பார்த்தேன். அவர் எழும்பி உள்ளே போய்விட்டார்.

பாடசாலை அதிபர் அன்று பின்னேரம் வந்தார். விழாவை ஒத்திவைப்போமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். பொன்னாடை வேண்டாம், ஆனால் நாளை மாற்ற வேண்டாம், நான் இரண்டு படம் மட்டும் காட்டுகிறேன் என்றேன். மண்டபத்துச் சுவர் கடும் பச்சை, படம் விழாது, திரையும் இல்லை என்றார். ராத்தா உள்ளே போய் அந்த வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து கொடுத்தார். வெட்டிய துணியைக் கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டான், இதில் காட்டு என்றார்.

மண்டப யன்னல்களைப் பன்பாயால் மூடி, துணியைச் சுவரில் அடித்தோம். மாணவிகள், தாய்மார், ஊர்ப் பெரியவர்கள், பள்ளிவாசலில் இருந்து மோதினார், கூல்பார் மருமகன், எல்லாரும் வந்திருந்தார்கள். இவர் முன் வரிசையில் குனிந்தபடி இருந்தார். எல்லாருக்கும் ஒரே அளவான கட்டத்தாளும் சீவிய பென்சிலும் கொடுக்கச் சொன்னேன். ஒருவரும் கதைக்கக் கூடாது, ஒருவரும் விரல் நீட்டக் கூடாது, பக்கத்தில் இருப்பவருடைய தாளைப் பார்க்கக் கூடாது என்றேன். முதல் படத்தைப் போட்டு, பெரிய வெளிச்சம் எந்தக் கட்டத்தில், சின்னப் புள்ளி எந்தக் கட்டத்தில் என்று குறிக்கச் சொன்னேன். பிறகு அதே வானத்தை ஒரு வருடம் கழித்து எடுத்த படம். அதிலும் குறிக்கச் சொன்னேன். மண்டபத்தில் பென்சில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

முடிவை நானே சொல்வதென்று எழுதிக்கொண்டு போயிருந்தேன். இவர் மனம் நோகாத மாதிரி, மெல்லமாக, சுற்றி வளைத்து. அதை வாசிக்க எழும்பும்போது முன் வரிசையில் கதிரை இழுபட்டது. இவர் கட்டத்தாளைக் கையில் பிடித்தபடி எழும்பி நின்றார். முதலில் துணியைப் பார்த்தார், பிறகு திரும்பிச் சனத்தைப் பார்த்தார்.

"நட்சத்திரம் தள்ளிப் போயிட்டு. இது அந்த இடத்திலயே நிக்கிது," என்றார். "இது கிரகம் இல்ல. நான் உங்களுக்குச் சொன்னது பிழை."

அவர் கையில் இருந்த தாளை வாங்கிப் பார்த்தேன். நாலு குறியும் கட்டம் பிசகாமல் விழுந்திருந்தன. எங்கள் கலியாண வாழ்க்கையில் 'நான் சொன்னது பிழை' என்று அவர் வாயால் நான் கேட்டது அன்றைக்குத்தான். அதுவும் ஊரைக் கூட்டி வைத்து. எழுதிக்கொண்டு போனதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, அவருக்குப் பக்கத்தில் இருந்த கதிரையில் போய் இருந்தேன்.